விபத்துக்கு முன்னால் போய் நின்றவர்

கோர்ட்டில் மதிய இடைவேளை. வக்கீல்கள் அறையில் நான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தபோது என் பழைய வக்கீல் நண்பர் ஜமாலின் மைத்துனர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "மச்சான் காலையில போயிட்டாருங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம்" என்றார். நெஞ்சுவலி என்று பிறகு தெரிந்தது. அடக்கத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், தெருக்காரர்கள் வந்தார்கள், வக்கீல்களில் நானும் இன்னொருவரும் போனோம். ஜமால் முன்பு வேலை பார்த்த எண்ணெய் ஆலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜமாலைத் தெரிந்திருந்தும் அன்று வராதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரே சீனியரிடம் ஜூனியர்களாக இருந்தோம். அந்த இளம் வயதிலேயே ஜமாலின் வாதத்தை வேலூரிலிருந்து வந்த பெரிய வக்கீல்களும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு அரிசி ஆலையில் இயந்திரத்தில் சிக்கி ஒரு கையின் விரல்களை இழந்த தொழிலாளி நஷ்டஈடு கேட்டிருந்தார். நாங்கள் முதலாளி பக்கம். இயந்திரத்தின் மூடியை அந்த ஆளே கழற்றினார் என்பதை ஜமால் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள வைத்தார். ஜெயித்தோம். வெளியே வந்தால் அந்தத் தொழிலாளி வேப்பமரத்தடியில் நிற்கிறார். கோபமே இல்லாமல், "நல்லாப் பேசினீங்க சார்" என்று விரல்கள் இருந்த மறு கையால் கும்பிட்டார். ஜமால் சாப்பிடப் போகவில்லை. சாயந்திரம் என்னிடம், "நாம எப்பவுமே அப்புறம்தான் போறோம். கை போனதுக்கு அப்புறம், ஆள் செத்ததுக்கு அப்புறம். முன்னாடியே போய் நிக்கிற மாதிரி ஒரு வேலை இருந்தா சொல்லுங்க" என்றார்.

அப்படி ஒரு வேலை வந்தது. அவலூர்பேட்டை சாலையில் இருந்த கடலை எண்ணெய் ஆலை ஒரு புதுப் பிரிவைத் தொடங்கியது. பிண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை ரசாயனத் திரவம் விட்டுப் பிரித்தெடுக்கும் பிரிவு. பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும் திரவம். அதற்கான உரிமங்கள், தொழிற்சாலைச் சட்டம், பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் கவனிக்க ஒரு சட்ட அதிகாரி தேவை என்றார்கள். முழுநேரச் சம்பளத்துக்குப் போவதால் வக்கீல் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். சீனியர் வாய்விட்டுச் சிரித்தார். "கறுப்புக் கோட்டைக் கழட்டிட்டு எண்ணெய்க்காரனுக்கு லைசென்ஸ் வாங்கித் தரப் போறியா? வாதாட ஆள் இருக்காங்க ஜமாலு. சட்டப்படி நடன்னு சொல்ல எவன் சம்பளம் தருவான்?" ஜமால் மறுவாரம் ஆலையில் சேர்ந்துவிட்டார்.

முதல் வருடம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றே நினைக்கிறேன். ஒருமுறை பார்க்கப் போனபோது வாசலிலேயே காவலாளி என் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். ஜமாலின் உத்தரவு. தொழிலாளர்கள் அவருக்குத் "தீப்பெட்டி பாய்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் கடலை சீசனில் அவசர வழியை மறித்து மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள், மறுநாள் திரும்ப அடுக்குவார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. "உங்களை இன்ஸ்பெக்டருங்களைப் பார்த்துக்கத்தான் வெச்சேன். நீங்க என்னையே பார்த்துக்கினு இருக்கீங்க. சீசன்ல சட்டம் கொஞ்சம் கம்மியாப் பேசுங்க சார்" என்பாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் திரவம் ஓடும் ஒரு குழாய் கசியத் தொடங்கியது. மாற்ற வேண்டுமென்றால் பிரிவையே சில வாரம் நிறுத்த வேண்டும் என்றார் பொறியாளர். சீசன் முடியட்டும் என்றார் முதலாளி. ஜமால் மூன்று முறை பேசிப் பார்த்தார். நான்காம் முறை பேசவில்லை. வேலூருக்கு பஸ் ஏறிப் போய்த் தொழிற்சாலை ஆய்வாளரிடம் நேரில் சொல்லிவிட்டார். அந்த வாரமே பிரிவை மூட உத்தரவு வந்தது. அந்தப் பிரிவு இல்லாமல் கட்டுப்படியாகாது என்று முதலாளி ஆலையையே மூடினார்.

ஒரு காலைப்பொழுது ஆலைத் தொழிலாளர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். பாதிப்பேர் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண்கள். யாரும் கத்தவில்லை. கசிவைப் பற்றியும், ஒரு பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றியும் ஜமால் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "எங்க உயிரைக் காப்பாத்தினேன்னு சொல்றீங்க பாய். சரிங்க. இந்த உயிரை வெச்சிக்கினு நாளைக்கு இன்னா பண்றதுன்னு சொல்லுங்க, போயிடறோம்." எந்த நீதிபதியின் கேள்விக்கும் தடுமாறாதவர், அவர்கள் போய் வெகுநேரம் ஆகியும் கதவைச் சாத்தாமல் நின்றார்.

அடுத்த ஆண்டு முதலாளியின் உறவினர் ஒருவர் ஆலையை எடுத்து நடத்தினார்; ஜமாலைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. குழாயை மாற்றவில்லை, ஒட்டுப்போட்டார்கள் என்று பொறியாளர் சொன்னார். உத்தரவு எப்படி விலகியது என்று யாரும் கேட்கவில்லை. ஜமால் மறுபடி வேலூருக்குப் போனார். அங்கே ஆய்வாளர் மாறியிருந்தார். "எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்றாங்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆலை ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. அவரை முடித்தது அதுதான். "தீப்பெட்டி பாய் சொன்னாரே, இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவலியே" என்று டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். பதிவைப் புதுப்பித்துக் கோர்ட்டுக்குத் திரும்பினார். சொந்த முதலாளியைக் காட்டிக்கொடுத்தவர் என்று முதலாளிகள் வழக்குத் தரவில்லை. பிழைப்பைக் கெடுத்தவர் என்று தொழிலாளர்களும் தரவில்லை. கடைசி வருடங்களில் மற்ற வக்கீல்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

ஒருநாள் செங்கம் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். "அங்க ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அஞ்சு வேளையும் துஆ கேக்கறேன். ஒண்ணும் ஆகாத ஒவ்வொரு நாளும் நான் பொய் சொன்னவன் ஆகறேன். இதுல நீங்க எனக்கு என்ன ஆறுதல் சொல்வீங்க?" என்றார். அப்போது ஆலையில் ஷிப்டு முடியும் சங்கு தூரத்தில் ஊதியது. பேச்சை நிறுத்தி, அது ஓயும்வரை கேட்டார். "சரி. இன்னைக்கும் எல்லாரும் வெளியே வந்துட்டாங்க" என்று மேலே நடந்தார். தினமும் அப்படித்தான் என்று அவர் மனைவி பின்னால் சொன்னார்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பழக்கம் ஒன்றுதான். சாயந்திரம் ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சங்குக்காகக் காத்திருக்கிறேன். நேற்றும் ஊதியது. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க வேண்டிய ஆள் இல்லை.