ஒரு சொட்டும் சிந்தாமல் ஸ்ரீரங்கம்

காலை 7.10. எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டு வாசலிலிருந்து ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நான் அன்று எடுத்துக்கொண்டது ஆறு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. இமயமலைக்குப் போய் வந்தவர்கள் இதைவிட வேகமாகப் போயிருக்கலாம். ஆனால் அவர்களில் யாரும் ஒழுகும் கார்புரேட்டரோடு போனதாகத் தெரியவில்லை.

வண்டி இருபத்து மூன்று வயதான கியர் ஸ்கூட்டர். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அது மேல்பாகத்தோடு சேரும் இடத்தில்தான் கசிவு. நடுவில் ஒரு பேக்கிங்கை வைத்து, அதன்மேல் ஷெல்லாக் என்ற ஒட்டுப்பூச்சைத் தடவி, நான்கு திருகாணிகளை இறுக்கினால் கசிவு நிற்க வேண்டும். அந்த வருடம் மூன்று முறை அப்படிச் செய்தாயிற்று. மூன்று முறையும் இரண்டு வாரம் நின்றது. பிறகு ஒழுகியது.

இதில் எனக்கு ஒரு தனி அவமானம் உண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன்களின் கசிவைச் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, அரை மணி நேரம் நிறுத்தி, ஒரு சொட்டும் இல்லை என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தச் சோதனைக்கான செயல்முறையை எழுதியதும் நானே.

என் மனைவி சரோஜா மூன்று மாதமாக வண்டியில் ஏறுவதில்லை. அவளுடைய பட்டுப்புடவையின் ஓரத்தில் பெட்ரோல் பட்ட நாளிலிருந்து. ஸ்ரீரங்கத்தில் அவள் தங்கை வீட்டுப் போர்டிகோவின் வெள்ளை டைல்ஸில் வண்டி ஒரு மஞ்சள் கறையை விட்டு வந்த பிறகு விஷயம் குடும்பப் பிரச்சினையாகிவிட்டது. தங்கையின் கணவர் தேவராஜன், என் சகலை, வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது சத்தமே போடாத மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறார். பழைய வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஆள் ஒருவரை அன்று, சனிக்கிழமை, நாலு மணிக்குத் தன் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். என்னைக் கேட்கவில்லை.

முதல் நாள் இரவு சரோஜா தீர்ப்புச் சொன்னாள். "நாளைக்கு அந்தப் போர்டிகோவுல ஒரு மணி நேரம் வண்டி நிக்கட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் நாலு மணிக்கு வர்றவர்கிட்ட சாவியைக் குடுத்துடணும்."

"விழலைன்னா?"

"நானே பின்னால உக்காந்து வரேன்."

அவள் ஒன்பது மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு டிக்கெட்டும் கிடையாது, நாத்தமும் கிடையாது" என்பது அவள் வழியனுப்பிய வாசகம்.

காலை 7.40. மதுரை ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். வண்டியை நிறுத்தியதும் அங்கிருந்த பெண் ஊழியர் குனிந்து பார்த்தார்.

"சார், சொட்டுது. தள்ளி நிறுத்துங்க."

"டேப்பை மூடிட்டேன்மா."

"மூடுங்க, வேண்டாங்கல. அந்தத் தூண் பக்கம் போயி, சொட்டு நின்னப்புறம் வாங்க."

விதிப்படி அவர் சொன்னது சரி. என்னைப் போன்றவனுக்கு அதைவிட எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை. தூணருகே போய் நின்றேன். கடைசிச் சொட்டு விழக் கால் மணி நேரம் ஆனது. எழுதி ஒட்டியிருப்பதை எல்லாம் படிப்பது என் பழக்கம். கைபேசியில் பேசாதீர், புகைக்காதீர், காற்று இலவசம். அதற்குக் கீழே, வெயிலில் வெளுத்த ஒரு தாள்: இங்கு விற்கப்படும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்துள்ளது.

இரண்டாம் முறை படித்தேன். எத்தனால் என்றால் ஸ்பிரிட். ஷெல்லாக் என்றால் அரக்கு. மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்.

முன்பெல்லாம் பெட்ரோலுக்கு அரக்கைக் கரைக்கத் தெரியாது. அதனால் அந்தப் பூச்சு ஆண்டுக்கணக்கில் தாங்கியது. இப்போது டேங்கில் ஐந்தில் ஒரு பங்கு பாலிஷ்காரரின் ஸ்பிரிட். நான் மூன்று முறையும் கரைந்துபோகும் பொருளைப் பூசிவிட்டு, கரைந்துவிட்டதே என்று மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறேன்.

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

காலை 9.20. மேலப்புலிவார்டு ரோடு. உதிரிபாகக் கடை திறக்கும்வரை எதிரே ஒரு டீ, பதினைந்து ரூபாய். ஷட்டரைத் தூக்கிய கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே ஷெல்லாக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வேண்டாம். கிண்ணத்துப் பேக்கிங் மட்டும். இப்ப வர்ற பெட்ரோலைத் தாங்கணும்."

"ரெண்டு இருக்கு சார். ஒண்ணு இருபது ரூபா, ஒண்ணு எண்பத்தஞ்சு."

"என்ன வித்தியாசம்?"

"அறுபத்தஞ்சு ரூபா."

இருபது ரூபாய்ச் சரக்கு வெறும் அட்டை. எண்பத்தைந்து ரூபாய்ச் சரக்கு ரப்பர் கலந்த நார். உறையில் எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தது. அதை எடுத்தேன். கடைக்காரருக்கு மனம் ஆறவில்லை. "கூட இந்த சிலிக்கான் டியூப் வெச்சுக்குங்க சார். பிதுக்கி விட்டா ஜென்மத்துக்கும் ஒழுகாது." கண்ணாடித் தொட்டிக்கு அது பொருந்தும். பெட்ரோலில் ஊறினால் உப்பிப் பிய்ந்து, பெட்ரோல் போகும் சின்னத் துளையை அடைத்துக்கொள்ளும். இதை ஐந்து நிமிடம் விளக்கினேன். அதற்குள் அவர் வேறு இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்திருந்தார்.

காலை 10.05. உறையூர், நாச்சியார் கோயில் பக்கத்துத் தெரு. ஜமால் பாயின் பட்டறை ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கூரையும் கொண்டது. என் வண்டியைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்க்கிறவர்.

"பாய், காரணம் கண்டுபிடிச்சுட்டேன்" என்று ஆரம்பித்து, எத்தனால், ஸ்பிரிட், அரக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது தெரியுமே சார். ரெண்டு வருஷமா நான் யார் வண்டிக்கும் ஷெல்லாக் போடறதில்ல."

"என் வண்டிக்குப் போட்டீங்களே?"

அவர் சுவரைக் காட்டினார். ஸ்பானர் மாட்டியிருந்த ஆணிகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். என் கையெழுத்து. 'கார்புரேட்டர் கிண்ணம் பொருத்தும் செயல்முறை' என்று தலைப்பு. மொத்தம் பதினோரு படிகள். ஏழாவது படி: பேக்கிங்கின் இரு பக்கமும் ஷெல்லாக் மெல்லியதாகத் தடவவும். அதன் கீழே தடித்த எழுத்தில்: இதில் மாற்றம் செய்யக் கூடாது. முதல் முறை ஒழுகியபோது நானே எழுதிக் கொண்டுவந்து, நானே மாட்டியது.

"வேணாம் சார்னு ரெண்டாவது தடவை சொன்னேன். படிச்சுப் பாருங்க பாய், எழுதியிருக்கில்லன்னு சொல்லிட்டீங்க. சரி, பெரியவங்க, கையெழுத்து வேற போட்டிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் என்னை மீறி யாரும் என் செயல்முறையைத் திருத்தியதில்லை. தாளை இறக்கினேன். ஏழாவது படியை ஒரே கோட்டால் அடித்தேன். அடித்தது தெரிய வேண்டும் என்பது விதி. பக்கத்தில் 'திருத்தம் 1: பூச்சு இல்லாமல் உலர்வாகப் பொருத்தவும்' என்று எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இட்டு, பாயிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். பிறகு வேலை தொடங்கியது.

டேப்பை மூடி, குழாயைக் கழற்றி, கிண்ணத்திலிருந்த பெட்ரோலை வடித்தோம். நான்கு திருகாணிகள். கிண்ணம் இறங்கியதும் என் கண்டுபிடிப்பு கண்முன் வந்தது: ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, அடுப்பில் இளகிய வெல்லம் போல. மூங்கில் குச்சியால் சுரண்டினோம். இரும்பு பட்டால் கீறல் விழும். கீறல் விழுந்தால் கசிவுக்கு அதுவும் ஒரு வழி. கிண்ணத்துக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் இல்லை. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசியும் நன்றாக இருந்தது.

புதுப் பேக்கிங்கை வைத்து மாட்டிவிடலாம் என்றார் பாய். எனக்குச் சந்தேகம். ஸ்டாம்ப் பேட் மையைக் கிண்ணத்தின் விளிம்பில் தடவி, மேல்பாகத்தோடு சேர்த்து அழுத்தி எடுத்தோம். மை ஒட்டியது நான்கு மூலைகளில் மட்டும். நடுவில் எங்கும் படவில்லை. இறுக்கி இறுக்கி மூலைகள் வளைந்திருந்தன.

"இவ்வளவு இறுக்கினது யாரு?" என்றேன்.

"கை என்னோடது சார். பக்கத்துல நின்னு 'இன்னும் கால் சுத்து, இன்னும் கால் சுத்து'ன்னது வேற ஆளு."

அடுத்த கடை படத்துக்குச் சட்டம் போடுவது. முப்பது ரூபாய்க்கு ஒரு துண்டுக் கண்ணாடி கிடைத்தது. அதன்மேல் நுண்ணிய எமரித் தாளை விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து, எட்டுப் போட்டுத் தேய்த்தோம். ஐம்பது தேய்ப்புக்கு ஒரு முறை மைச் சோதனை. பாய் தேய்த்தார், கை வலித்தபோது நான் தேய்த்தேன். பதினொன்றே முக்காலுக்கு விளிம்பு முழுவதும் நீலமாக, ஓரிடமும் விடாமல் பதிந்தது. பாய் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மாஷா அல்லா. இனிமே பேக்கிங் இல்லாமலேயே நிக்கும் போல."

கழுவி, உலர்த்தி, பேக்கிங்கை உலர்வாக வைத்தோம். எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நாக்கின் நுனிவரை வந்த கால் சுற்றை விழுங்கிக்கொண்டேன். டேப்பைத் திறந்தோம். இருபது நிமிடம் இருவரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூசி தூசியாகவே இருந்தது. கூலி முந்நூறு.

பகல் 12.40. சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடந்து காவிரிப் பாலம். ஆற்றில் இரு கரை தொட்டுத் தண்ணீர். வலப்பக்கக் கண்ணாடியில் மலைக்கோட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. இந்தப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதுதான் முன்பெல்லாம் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். அன்று ஆற்றுக் காற்று மட்டும் வந்தது. ஒரு கல்லூரிப் பேருந்தை முந்தினேன். தேவையில்லைதான்.

பகல் 1.05. அம்மா மண்டபம் ரோடு. சகலை போர்டிகோவில் முந்தின நாள் செய்தித்தாளை நான்கு அடுக்காக விரித்து வைத்திருந்தார்.

"வாங்க சகலை! ஆறு மணி நேரம் ஆச்சாமே. நடந்தே வந்திருக்கலாம்."

"நடந்தா சோதனை பண்ண முடியாது."

வண்டியைத் தாளின்மேல் ஸ்டாண்டு போட்டேன். டேப் திறந்தே இருந்தது. அதைச் சரோஜாவிடம் காட்டி ஒப்புதல் வாங்கினேன். வாழைப்பூ வடையோடு சாப்பாடு. எனக்கு மட்டும் தட்டு போர்டிகோவுக்கு வந்தது. இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டேன்.

1.50. சகலை காபி டம்ளரோடு வந்து, குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார், வீடே கேட்கும்படி. "சரோஜாக்கா, இங்க வந்து பாருங்க!"

தாளில், விளையாட்டுப் பக்கத்தின் நடுவில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு ஈரப் புள்ளி.

சரோஜா வந்து பார்த்துவிட்டு, வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினாள்.   ஆனால் கசிவைக் கண்டதும் கத்தாமல், அது என்ன என்று பார்ப்பதுதான் விதி.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க. பெட்ரோல்னா காஞ்சுடும்."

தங்கையும் வந்து சேர, நான்கு பேரும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். புள்ளி காயவில்லை. ஓரத்தில் பழுப்பு வளையம் கட்டியது. சரோஜா குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து, பிசுபிசுத்த விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சகலையின் கையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, சர்க்கரை தூக்கலா இருக்கு" என்றாள்.

அவள் தங்கை சிரித்த சிரிப்பில் சகலை உள்ளே போய்விட்டார். 2.05க்கு ஒரு மணி நேரம் முடிந்தது. அந்தக் காபியைத் தவிர தாள் சுத்தம்.

மாலை 4.00. எடுத்துக்கொள்ள வந்தவர் வண்டியை ஸ்டார்ட் செய்து, கீழே பார்த்து, மேலே பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு. ஏன் விக்கறீங்க?"

"யாரு விக்கறா?" என்றாள் சரோஜா. செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு ராத்திரி நம்ம வீட்லயும் விரிக்கணும்." நான் ஆட்சேபிக்கவில்லை. மறு ஆய்வு கேட்பது ஆய்வாளரின் உரிமை.

மாலை 4.35. மாம்பழச்சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. பின்னால் அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து, கீழே குனிந்து, மூக்கை உறிஞ்சினாள். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹார்ன்கள் அலறின.

"போங்க" என்றாள்.

பாலம் ஏறும்போது என் இடது தோளில் அவள் கை வந்து உட்கார்ந்தது. எத்தனையோ கொதிகலன்களுக்குக் கசிவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றாவது என் தோளில் கை வைத்ததில்லை.