ஏமாற்றுக்காரன் வேஷம்

பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பெண்களை ஏமாற்றப் போய்விடுவேன்.

என் சிநேகிதன் ஒருவன் செல்போனிலேயே இரண்டு நிமிடக் காதல் நாடகங்கள் எடுத்துப் போடுவான். காதலிப்பதாகச் சொல்லிவிட்டு வேறொருத்தியோடு திரிகிறவன் வேஷம் எப்போதும் எனக்குத்தான். "ஒன் மூஞ்சியப் பாத்தா எவளுக்கும் சந்தேகம் வராது. அதாம்ல வேணும்" என்பான். தாமிரபரணிக் கரையில் ஒருத்திக்குச் சத்தியம் செய்துவிட்டு, வண்ணார்பேட்டை டீக்கடையில் இன்னொருத்திக்கு அதையே செய்வேன். குட்டு வெளிப்படும் இடத்தில் நாடகம் நின்றுவிடும். மிச்சம் அடுத்த வாரம்.

நாடகங்கள் ஊரெல்லாம் பரவின. கண்ணாடி மாற்ற வந்த ஓர் அம்மா, "இந்தப் பய வேண்டாம், வேற ஆளக் கூப்புடுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். என் அம்மாவுக்கு ஜெபக்கூட்டத்தில் தலைகாட்ட முடியவில்லை. "ஏம்லே, ஒனக்கு நல்லவன் வேஷமே குடுக்க மாட்டாவளா?" என்று கேட்பாள்.

அந்த நேரத்தில்தான் ராதாபுரம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தட்டில் அதிரசம் கொண்டுவந்த அவளுடைய சித்தி என்னைப் பார்த்ததும் நடுவீட்டிலேயே நின்றுவிட்டார்.

"எக்கா, இது அந்தப் பயல்லா! ரெண்டு பிள்ளைய ஒரே நேரத்துல ஏமாத்துனானே, அவன்தான்!"

என் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பெண்ணின் அப்பா நாடகத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. கிளம்பிவிடலாமா என்று நான் எழுந்தபோது, "அவங்ககிட்ட நான் கொஞ்சம் பேசணும்ப்பா" என்று பெண்ணே சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றோம். பனைகளுக்கு மேலே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஒங்க நாடகம் எல்லாத்தையும் பாத்திருக்கேன்" என்றாள். "நெசமா யாரையாவது ஏமாத்தியிருக்கீங்களா?"

"இல்ல. காலேஜ்ல ஒருத்தியப் பிடிச்சிருந்துச்சு. அவதான் என்னைய வேண்டாம்னுட்டா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

"எப்படி நம்புதீங்க?"

"பொய் சொல்லுததுக்கு முந்தி ஒங்களுக்குச் சிரிப்பு வந்துருது. ஒவ்வொரு நாடகத்துலயும் பாத்திருக்கேன். இப்பம் வரல."

இத்தனை பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட என் முகத்தை இவ்வளவு கவனித்ததில்லை. அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

உள்ளே போய்ச் சம்மதம் சொன்னவளைச் சித்தி விடவில்லை. "புத்தி கெட்டுப்போச்சாட்டி ஒனக்கு?"

"சித்தி, நெசமாவே ஏமாத்துதவன் இப்படி ஊரே பாக்கும்படியா ஏமாத்துவானா?"

அவளுடைய அப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளும் படப்பிடிப்புக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள், ஏமாந்த பெண் என் காலில் விழுந்து அழவேண்டிய காட்சி. "இவ எதுக்கு விழணும்? பையத் தூக்கிட்டு வேலைக்குப் போகட்டும்" என்றாள் என் மனைவி. சிநேகிதன் முனகினான்; ஆனாலும் அப்படியே எடுத்தான்.

கொஞ்ச நாளில் ஓர் இளம்பெண் கடைக்கு வந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, அந்தப் பிள்ள பையத் தூக்கிட்டுப் போனால்லா, அன்னைக்குத்தான் நானும் ஒருத்தன் நம்பர அழிச்சேன்" என்றாள்.

"அத யோசிச்சது என் வீட்டுக்காரி" என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லிருங்க" என்றாள். சொன்னேன். மனைவி சோற்றுக்குக் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் எப்படி இருந்தாள், முகம் தெளிவாக இருந்ததா, எந்தக் கண்ணாடி எடுத்தாள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அன்று சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில், பெயர் தெரியாத அவளுக்காகவும் இருவரும் ஸ்தோத்திரம் சொன்னோம்.