மாப்பிள்ளை வயதுக்கு இரண்டு சமன்பாடுகள்

இன்று நரிக்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது என்று தரகர் சொல்லியிருந்தார்.

காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா பெருமையாகச் சொன்னார்: "எனக்கு ஒரு மகன், ஒரு மக. ரெண்டு பேரு வயசையும் கூட்டுனா என் வயசு வந்துரும், அறுபத்தொம்பது."

நான் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். சும்மா இருக்க முடியவில்லை.

"தங்கச்சி இவுகளுக்கு எத்தன வயசு சின்னவுக?"

"ஏழு வயசும்மா."

கூட்டினால் அறுபத்தொன்பது, கழித்தால் ஏழு.

"அப்ப இவுகளுக்கு முப்பத்தெட்டா?" என்றேன்.

மாப்பிள்ளை பலகாரத் தட்டையே பார்த்தார். அவருடைய அம்மா, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரோம்" என்று எழுந்துவிட்டார்.

பொய் சொன்ன தரகரை விட்டுவிட்டு அம்மா என்னைத்தான் திட்டுகிறார்: "கணக்க ஸ்கூல்லயே வச்சுட்டு வர வேண்டியதுதானடி?"

"இந்தச் சமன்பாடெல்லாம் வாழ்க்கைக்கு எதுக்கு டீச்சர்?" என்று நாளை வகுப்பில் யாராவது கேட்கட்டும்.