தலை மட்டும் புதிது

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில், பிற்கால ரோமானிய ஆளுநர் ஒருவரின் சிலைமுன் நிற்கிறேன். பீடத்தில் நீதிமான், கொடைவள்ளல் என்று ஏகப்பட்ட புகழ்ச்சி. கழுத்தைச் சுற்றி ஒரு வெடிப்பு.

"உடம்பு வேற ஆளின்ரை. பழைய சிலையிலை தலையை மாத்தி, பேரையும் மாத்தி வெட்டியிருக்கினம்," என்கிறார் அங்கே காவல் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மரியாதை செய்வதிலும் கஞ்சத்தனமா!" என்று சிரிக்கிறேன். குளிருக்குப் போர்த்தியிருந்த பச்சைப் பொன்னாடையைப் பெருமையாக இழுத்துவிடுகிறேன். "இது நேற்று ஈஸ்ட் ஹாம் தமிழ் விழாவில் எனக்குப் போர்த்தியது."

அவர் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். அங்கே ஒரு தேநீர்க் கறை.

"ஓம், இதுதான். போன வருசம் எனக்குப் போர்த்திப்போட்டு, பிறகு திருப்பி வாங்கினவை. தேத்தண்ணி ஊத்தினது நான்தான். பவுத்திரமாய், இன்னொரு கறை படாமல் வைச்சிருங்கோ அண்ணை, அடுத்த ஆளுக்குத் தேவைப்படும்."