பலகையில் இருந்த பெயர்

மார்ச் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஐம்பது நிமிடம். கண்டியில் விடாத தூறல். ஆராதனை முடிந்து சபைக்கூட்டம் தொடங்கியது. பேச ஒன்றுதான் இருந்தது: எங்கள் பெயர்ப்பலகையிலிருந்து 'பாப்டிஸ்ட்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா?

அந்தச் சொல் இளம் ஆட்களை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது போதகரின் எண்ணம். அவருக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு எழுபத்தொன்பது. எனக்குப் பயம். எங்கள் பின்சுவர் மழையில் சரிந்த வருடம், மாத்தளைப் பக்கத்துப் பாப்டிஸ்ட் சபையிலிருந்து பதினோரு பேர் சீமெந்தோடு வந்து நான்கு நாள் தங்கிக் கட்டிக் கொடுத்தார்கள். எங்களில் ஒருவரையும் அவர்களுக்கு முன்பின் தெரியாது. பலகையில் இருந்த பெயரைத்தான் தெரியும். அதை எடுத்தபின் யார் தேடி வருவார்கள்?

எங்களில் போதகர் தனியே முடிவெடுப்பதில்லை. அங்கத்தவர்கள் கை உயர்த்த வேண்டும், கூட்டத்தில் பதினைந்து பேராவது இருக்க வேண்டும். செயலாளர் நான். எண்ணினேன். பதினைந்து. பெயர் இருக்கட்டும் என்று எட்டுக் கை, எடுக்கச் சொல்லி ஏழு. மூச்சு வந்தது.

பின்வரிசையில் ஹந்தானைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுந்தார். "ஐயா, அம்மாவையும் சேத்து எண்ணிட்டீங்களே."

நான் உயர்த்தியதைப் பார்த்து என் மனைவியும் கை உயர்த்தியிருந்தாள். குழந்தைகளின் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் பிறந்தவள். நாற்பத்தொரு வருடமாக என் பக்கத்தில் உட்கார்கிறாள். வளர்ந்தபின் தானே விரும்பித் தண்ணீரில் மூழ்கி எடுக்கும் எங்கள் முழுக்கு ஞானஸ்நானத்தை எடுக்காததால் அங்கத்தவர் அல்ல. பழக்கத்தில் எண்ணிவிட்டேன்.

ஏழுக்கு ஏழு. பதினான்கு பேர்தான் என்பதால் கூட்டமும் செல்லாது.

"அம்மா முழுக்கு எடுத்துக்கிறதுன்னா இப்பவே தொட்டியில தண்ணி விட்டுருவோம்," என்றார் போதகர், பாதிச் சிரிப்பாக.

நான் அவளைப் பார்த்தேன்.

"என்னங்க அப்பிடிப் பாக்குறீங்க? ஓட்டுக்காக நான் தண்ணியில இறங்க மாட்டேன். மனசுல பட்டா இறங்குவேன்."

நாங்கள் ஏன் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று எத்தனையோ ஞாயிறு வகுப்பு எடுத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. ஏழு நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. மழையில் மலையிறங்க முடியாத வயதான அங்கத்தவர்கள் ஆறு பேர் தோட்டத்தில் இருந்தார்கள். வேன் பிடித்தேன். எந்தப் பக்கம் கை உயர்த்துவார்கள் என்று கேட்கவில்லை, கேட்கப் பயம்.

"வேன் அனுப்பி ஆள் சேக்கிறது எலெக்சன் வேலையில்லையா ஐயா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"உங்களுக்கும் சீட் இருக்கு, ஏறுங்க."

ஞாயிறன்று பதினொன்றுக்கு ஒன்பது. பெயர் நின்றது. ஆனால் அந்த ஒன்பது பேரும் எங்கள் ஆட்கள். மதியச் சாப்பாட்டில் அவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர்தான். ஒன்பதாவது ஆளான கணக்கப்பிள்ளை மழையில் நடந்தே மலை ஏறிக்கொண்டிருந்தார். வேனைப் பின்னால் அனுப்பினேன். ஏறிக்கொண்டாராம். இரண்டு தடவை ஓடியதற்கும் சேர்த்துச் சாரதி கேட்டது பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.