அண்ணனின் பட்டியலில் நான் பார்க்காத மழைப் புத்தகம்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். நான் கேகாலை பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறவன். வாய்தான் எனக்குப் பெரிது, பேனா பழக்கமில்லை. "கூடப்பொறந்தவரு நீங்கதான் எழுதணும் தம்பி" என்று அண்ணி அவர்கள் சொன்னபோது மறுக்க முடியவில்லை. நான்தான் எழுத வேண்டும் என்பதற்கு, அண்ணிக்கு அப்போது தெரியாத ஒரு காரணமும் இருந்தது.

அண்ணன் அவர்கள் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். எங்கள் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அப்பா இளவயதிலேயே காலமானதும், வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பி படிக்கட்டும் என்றுதான் போனார். தம்பி படித்த இலட்சணம் உங்களுக்கே தெரியும். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. ஆங்கிலமும் சிங்களமும் தானாகவே கற்றுக்கொண்டு, அதே ஸ்டோரில் கிளாக்கராக உயர்ந்தார்.

அங்கேதான் அந்தப் பட்டியல் தொடங்கியது. ஆடுகிற மேசைக் காலுக்கு யாரோ மடித்து வைத்திருந்த ஒரு பழைய பிரசுரத்தை உருவி எடுத்திருக்கிறார். ரப்பர் பால் உறைய எவ்வளவு அசிட் ஊற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். "யாரோ ஒருத்தன் உக்காந்து, ஊத்தி ஊத்திப் பாத்திருக்கான் தம்பி. நாம தெனமும் ஊத்துறோம், அவன் யாருன்னு கேட்டோமா?" என்றார். அன்று முதல், நம் சப்ரகமுவ மாகாணத்தில் மண்ணை, மழையை, மரத்தை, நோயை ஆராய்ந்து யார் யார் என்னென்ன எழுதி வைத்தார்களோ அத்தனைக்கும் ஒரு நூல்விபரப் பட்டியல் செய்யத் தொடங்கினார். ரப்பர் இலை நோய் பற்றிய அறிக்கை, இரத்தினபுரி மாணிக்கக் குழி மண் பற்றிய குறிப்பு, தோட்டத்து டிஸ்பென்சரியின் காய்ச்சல் பதிவுப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். கலவானவில் ஒரு வெதமாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், வீட்டுக்கு விஷக்கடி ஏடு பார்க்கப் போயிருந்தோம். அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன கிளாக்கர் மாத்தயா, பாம்பு கடிக்கிறதுக்கு முன்னமே வந்துட்டீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் கொடுத்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில்தான் எழுதினார். ஒரு புத்தகத்துக்கு ஒரு அட்டை. பெயர், எழுதியவர், இருக்கும் இடம் எல்லாம் எழுதி, கடைசி வரியில் 'காட்டியவர்' என்று போடுவார். பூட்டைத் திறந்துவிட்ட காவல்கார வாச்சரோ, தூசி தட்டிக் கொடுத்த அம்மாவோ, யாராக இருந்தாலும் அந்தப் பெயர் அங்கே வந்துவிடும். கண்ணால் பார்க்காத புத்தகத்துக்கு அட்டை கிடையாது. அதில் அண்ணன் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர், "என்னா மாப்ள, புஸ்தகம் எழுதுறியாமே?" என்று இழுத்தார். "இல்ல மாமா, எழுதுனவங்கள எழுதுறேன்" என்றார் அண்ணன். "அப்ப ஒன்னைய யாரு எழுதுவா?" என்று மாமா விடவில்லை. பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும் சொன்னார்: "எல்லா அறிக்கையிலயும் தொரமாரு பேருதான் தம்பி இருக்கு. வெயில்லயும் மழையிலயும் நின்னு அளந்தவன் பேரு ஒன்னுலயாவது இருக்கணுமே."

அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்தபின் மலை பஸ் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நெடுங்காலமாக மழை அளந்து எழுதிய புத்தகங்கள் இருப்பதாக அண்ணனுக்குச் செய்தி வந்திருந்தது. என்னைப் போகச் சொன்னார். நானும் புறப்பட்டேன். இரத்தினபுரியில் தேநீர் குடிக்க இறங்கிய கடையில், அதே தோட்டத்தைச் சேர்ந்த ராமையா என்பவரைச் சந்தித்தேன். பேச்சு பேச்சாக வளர்ந்தது. "மூணு புத்தகம் சார், பச்ச அட்ட, ஆபீஸ் அலுமாரியில இருக்கு. நான் பாக்காததா?" என்றார். இனி அந்த வளைவுப் பாதையில் எதற்குக் குலுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மதியச் சாப்பாட்டையும் அவரோடு முடித்துக்கொண்டு கேகாலைக்கே திரும்பினேன்.

"நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார் அண்ணன்.

"பாத்தேண்ணே."

"காட்டியவரு?"

"ராமையாண்ணே."

ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டார். பிறத்தியார் சொன்னதை நம்பி ஒரு வரி எழுதாதவர், நான் சொன்னதை எழுதினார்.

கடைசி வாரங்களில், படுக்கையில் சாய்ந்தபடி அட்டைகளை வரிசைப்படுத்தும்போது, றக்வான அட்டை அவர் கையில் வந்தது. "தம்பி, அந்தப் பழைய புத்தகத்துல அளந்தவன் பேரு எங்கயாச்சும் இருந்திச்சா? தமிழ்ல?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். "இருந்திச்சிண்ணே, முத பக்கத்துல. பேருதான் ஞாபகமில்ல" என்று சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப நம்மாளு ஒருத்தன் இருக்கான்" என்றார். பிறகு அந்த அட்டையில் எழுதினார்: 'அளந்தவர் பெயர் தமிழில் உண்டு.' அண்ணன் கைப்பட எழுதிய கடைசி வரி அதுதான். பத்து நாளில் போய்விட்டார்.

பட்டியலை இந்த மலரின் பின்பக்கங்களில் அச்சிடலாம் என்று அண்ணி சொன்னபோது, என் பொய்யும் அதில் அச்சாகிவிடும் என்று உறைத்தது. போன மாதம் றக்வானவுக்குப் போனேன். ஆபீஸ் கூட்டுகிற செல்லம்மா அக்காதான் அலுமாரியைத் திறந்தார். இரண்டு புத்தகங்கள்தான் இருந்தன. பச்சை இல்லை, கறுப்பு அட்டை, முழுக்க ஆங்கிலம், யார் பெயரும் இல்லை.

"மூணு இருக்குன்னாங்களே அக்கா?"

"இருந்திச்சிங்க. ஆகப் பழசு அது. போன வருசத்து மழையில கூர ஒழுகி, நனஞ்சு கட்டியாப் போச்சுங்க. அள்ளி வீசிட்டாங்க."

"அதுல முத பக்கத்துல தமிழ்ல ஏதாச்சும் எழுதியிருந்திச்சா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்களே. நாந்தான் காலையில மழத்தண்ணிய அளந்து, கோட்ட எண்ணிச் சொல்றேன், கிளாக்கர் எழுதிக்குவாரு. நீங்க வெள்ளனவே வந்திருந்தா பாத்திருக்கலாம்."

அண்ணன் என்னை அனுப்பியது அந்த மழைக்கு முன்பு. முதல் பக்கத்தில் தமிழ்ப் பெயர் இருந்ததாக நான் சொன்னது பொய்யா, தெரியாமலே சொன்ன உண்மையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அண்ணன் என்னை அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். றக்வான அட்டையை எடுத்து வாசித்தார். பிறகு, "அவரு நிம்மதியாப் போனாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம், "அதையும் எழுதுங்க தம்பி. தெரியாதத தெரியும்னு வச்சா அவரு லிஸ்ட் இல்ல அது" என்றார்.

அண்ணனை இறுதிவரை கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியர்க்கும், தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், பந்தல் போட்டு நின்ற பஸ் ஸ்டாண்ட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பட்டியலில் 'காட்டியவர்' என்று வரும் ஒவ்வொருவருக்கும் அண்ணன் சார்பில் தலை வணங்குகிறேன். அண்ணனின் எழுத்தில் வேறெங்கும் கை வைக்கவில்லை. றக்வான அட்டையை மட்டும் மாற்றி, இப்படி அச்சிடக் கொடுத்திருக்கிறேன்:

மழைப் பதிவுப் புத்தகங்கள், இரண்டு. ஆங்கிலம். அளந்தவர் பெயர் எழுதப்படவில்லை. இப்போது அளப்பவர்: செல்லம்மா. காட்டியவர்: செல்லம்மா. மூன்றாவது, ஆகப் பழைய புத்தகம்: அழிந்தது. பார்த்துவரச் சொன்னவர் அண்ணன். போகாதவர் தம்பி.