ராயப்பன் எந்த அன்பியம்?

நாற்பது வயது வரை ஐரினுக்குக் கோபம் வரும் என்பதே வில்லாபுரத்தில் யாருக்கும் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, படித்த பள்ளிக்கூடத்திலேயே ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள். டவுன் பஸ்ஸில் எவனாவது இவள் காலை மிதித்தால் இவள்தான் சாரி சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போன் போட்டு, "அய்யா இருக்காரா இல்லையா? இல்லைன்னா எப்ப வருவாருன்னாவது சொல்லித் தொலைங்க" என்று கத்துகிற அளவுக்கு வந்துவிட்டாள் என்றால், அதற்குக் காரணம் ஆன்சன்.

ஆன்சன் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவன். ஊரடங்கு நேரத்தில், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்களே, போனிலேயே கீபோர்டு சொல்லித் தருகிறேன் என்றான். ஐரினின் மகள் டயானா அப்போது மூன்றாம் வகுப்பு. 'என் சின்ன மெழுகுவர்த்தி' என்றுதான் அவளைக் கூப்பிடுவான். அதைக் கேட்டு ஐரினே பூரித்துப் போயிருக்கிறாள். அந்தக் கீபோர்டு வகுப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. கோர்ட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குழந்தை ஒரு தடவை சொன்னது, அது போதும். ஆன்சன் ஜெயிலுக்குப் போனான். குடும்பம் மெல்ல மூச்சுவிடப் பழகியது.

தண்டனை முடிந்து அவன் வெளியே வந்த சில வாரங்களில், டயானா போனில் விளையாடுகிற விளையாட்டுக்குள் முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து ஒரு வரி வந்தது. 'என் சின்ன மெழுகுவர்த்தி நல்லா வளந்துருச்சே.'

டயானா போனைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். ஐரின் போய்க் குழாயை மூடும்வரை அவள் நிறுத்தவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். அந்த வரியை அனுப்பிய கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது.

"அவன் பேரு, ஊரு, கைரேகை எல்லாம் இருக்கும்மா. ஆனா எந்த நம்பர்ல, எந்தப் பேர்ல, எந்த ஐ.டி.யில உலாத்துறான்னு கேட்டா நான் என்ன சோசியம் பாத்தா சொல்ல முடியும்? இவனுக மாதிரி ஆளுக வச்சிருக்குற நம்பர், ஐ.டி. அம்புட்டையும் ஸ்டேஷன்ல பதியணும், மாத்துனா வந்து சொல்லணும்னு சட்டம் இருந்தா நாங்க புடிச்சிருவோம். சட்டம் போடுறவுகளைப் போய்க் கேளுங்க."

ஆளைக் கிளப்பிவிடத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஐரினோ அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தே பழகியவள் அல்லவா.

"வேணாம் ஐரின்," என்றான் அவள் கணவன் கிளமெண்ட். "கிணறு வெட்டப் போயி பூதம் கெளம்பிரும்."

"பூதம் ஏற்கனவே வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருச்சுங்க."

எம்.எல்.ஏ.வின் பி.ஏ. உக்கிரபாண்டி விவரமான ஆள். "ஒத்தக் குரலு அய்யா காதுல விழாதும்மா. நாலு பக்கமும் போன் அடிச்சுக்கிட்டே இருக்கணும். ஜனங்களைப் பேச வைங்க. எம்.பி. ஆபீசையும் விடாதீங்க," என்று வழி சொன்னார். ஐரின் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினாள். 'பிள்ளைகளுக்காக ஒரு போன்' என்று அதற்குப் பெயர் வைத்தாள். தினமும் ஒருவராவது சட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

முதலில் சேர்ந்தவர்கள் அவளுடைய அன்பியத்துப் பெண்கள். அன்பியம் என்றால் ஒரு தெருவைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் போதும், அன்பியத்து வாட்ஸப்பில் அதன் படம் வரும், பெயர் வரும், என்ன வகுப்பு, எந்தப் பள்ளிக்கூடம் என்று வரும். ஆளாளுக்கு ஆசீர்வாதம் எழுதுவார்கள். புதிதாக யாராவது வந்தால், "எந்தப் பங்குக் கோயில், எந்த அன்பியம்?" என்று கேட்காமல் காப்பித் தண்ணிகூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஐரின் அதோடு நிற்கவில்லை. குழுவில் சேரும் லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினாள். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைக்காரர்களிடம் கொடுத்தாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கு வரும் தாய்மாரிடம் கொடுத்தாள். லிங்க் ஊரெல்லாம் சுற்றியது. பெயர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். எம்.எல்.ஏ. ஆபீஸ் போன் ஓயவில்லை என்று உக்கிரபாண்டியே அலுத்துக்கொண்டார். ஐரினுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி வந்தவர்தான் ராயப்பன். முகப்புப் படத்தில் மாதா. 'இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன்' என்று எழுதினார். உடனே பத்துப் பேர் 'வாழ்க' என்றார்கள். கேட்காமல் காப்பி கொடுக்காதவர்கள், ஒருவர்கூட 'எந்த அன்பியம்?' என்று கேட்கவில்லை. வில்லாபுரத்துப் பெண்கள் அவரைச் சிம்மக்கல் ஆள் என்று நினைத்தார்கள். சிம்மக்கல்காரர்கள் அவரைக் கோயில் ஆள் என்று நினைத்தார்கள். ஐரின், யாரோ ஒருவருக்குச் சொந்தக்காரர் என்று நினைத்தாள்.

மனிதர் உழைத்த உழைப்பு இருக்கிறதே! 'இன்று எம்.எல்.ஏ.வுக்குப் போன் செய்துவிட்டீர்களா, சகோதரிகளே?' என்று காலையில் முதல் ஆளாக அவர்தான் கேட்பார். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். ஒருநாள் அவரே ஒரு யோசனை சொன்னார். 'முகத்தைப் பார்த்தால்தான் பெரியவர்களுக்கு மனம் இரங்கும், சகோதரி. பிறந்தநாளுக்குப் போடுவோமே, அதுபோல ஒவ்வொரு வீட்டாரும் பிள்ளையின் படத்தைப் போட்டு, பெயர், வகுப்பு, அதற்கு என்ன பிடிக்கும் என்று எழுதட்டும். எல்லாவற்றையும் சேர்த்து அய்யாவிடம் கொடுப்போம்.'

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்பியத்தில் வருஷக்கணக்காகச் செய்கிற காரியம்தானே. மற்றவர்களுக்குத் தயக்கம் போகட்டும் என்று ஐரினே முதலில் போட்டாள். யூனிஃபார்மில் டயானா. எட்டாம் வகுப்பு. படம் வரையப் பிடிக்கும்.

முதல் பதில் ராயப்பனிடமிருந்து வந்தது. 'இந்தக் குழந்தைக்காக இன்று ஜெபமாலை சொல்வேன்.'

அதன்பின் படங்கள் மளமளவென்று வந்தன. இரட்டைச் சடை, முன்பல் விழுந்த சிரிப்பு, கையில் கோப்பை, ஆண்டு விழா வேஷம். பார்க்கப் பார்க்க ஐரினுக்குக் கண் நிறைந்தது.

சனிக்கிழமை. அட்மிஷன் வேலை என்று பள்ளி ஆபீசைத் திறந்து வைத்திருந்தார்கள். தங்கப்பொண்ணு வந்தாள். அவளும் குழுவில் இருப்பவள்தான். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமம். கணவன் மலைச்சாமியும் அவளும் காட்டுவேலை. மகள் பவதாரிணி இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. வந்த வேலையை முடித்துவிட்டுத் தங்கப்பொண்ணு சொன்னாள்.

"அக்கா, உங்க புண்ணியத்துல எங்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. அந்த ராயப்பன் வாத்தியாரு இருக்காருல்ல, தங்கமான மனுசன். பவதாரிணிக்குப் பாட்டுன்னா உசுருன்னு நான் படத்துல எழுதிருந்தேன்ல, அதைப் பாத்துட்டுப் போன்லயே கீபோர்டு சொல்லித் தாரேன்னாரு. நாலஞ்சு நாளா சொல்லித் தாராரு. எம்புட்டுப் பிரியம்ங்கிறீங்க! 'என் சின்ன மெழுகுவர்த்தி'ன்னுதான் புள்ளையக் கூப்புடுவாரு."

ஐரின் கையிலிருந்த சீல் மேஜைமேல் விழுந்து உருண்டது.

பெயரை மாற்றத் தெரிந்தவனுக்கு நாக்கை மாற்றத் தெரியவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய் தினமும் காலையில் வந்து, பட்டிக்கு வேலி போட்டீர்களா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. பட்டியைத் திறந்து ஒவ்வொரு குட்டியாக அதற்குக் காட்டியவள் இவள். முதல் குட்டி இவள் பெற்றது.

"தங்கம், புள்ள எங்க இருக்கு?"

"வீட்டுலதாங்க்கா. லீவுல்ல."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. அவுக அப்பா காட்டுல. நான் இங்க வந்துட்டேன். வீட்டுல கெடக்குற பழைய போன்ல வாத்தியாரு இந்நேரம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பாரு."

"போன் போடு. இப்பவே போடு!"

போட்டாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே குரல். தங்கப்பொண்ணு விஷயம் விளங்காமல் ஐரின் முகத்தைப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரருக்குப் போடு. வீட்டுக்கு ஓடச் சொல்லு. போய்ப் புள்ள கையில இருக்குற போனைப் புடுங்கச் சொல்லு."

மலைச்சாமி வரப்பில் ஓடுகிற மூச்சுச் சத்தம் போனில் கேட்டது. நாய் குரைத்தது. கதவைத் தட்டும் சத்தம். தட்டிக்கொண்டே இருந்தான். ஐரினுக்கு அதுவரை தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோயிற்று. கடைசியில் தாழ்ப்பாள் திறந்தது. பிள்ளை பயந்து அழும் குரல் கேட்டது.

"எதுக்குப்பா திட்டுற? அந்த சாருதான் கதவைச் சாத்திக்கிட்டு வரச் சொன்னாரு. இன்னிக்குப் புதுப் பாடம்னாரு."

தங்கப்பொண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. ஐரின் அவளைக் கட்டிக்கொண்டாள். ஒரு நொடி பிந்தியிருந்தால் என்று நினைக்கவே இருவருக்கும் தெம்பில்லை.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனார்கள். எஸ்.ஐ. நாகஜோதி நல்லவள்; உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டாள். நம்பரைப் பார்த்தாள். அது வடக்கே யாரோ ஒரு கிழவர் பெயரில் இருந்தது.

"சைபர் செல்லுக்கு அனுப்புறேன்க்கா. ஆனா நாளாகும். இந்த ராயப்பன்தான் அந்த ஆன்சன்னு நிரூபிக்கணும். எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது, காகிதத்துக்குத் தெரியணும்ல. நீங்க கேக்குற சட்டம் இருந்து, அவன் பதியாத ஒரு நம்பரை வச்சிருந்தாலே அதுக்காகவே உள்ள தள்ளிருப்பேன்," என்றாள். "நம்பரைக் குறிச்சுக்கிட்டேன். குரூப்ல இருந்து அவனைத் தூக்கிருங்க. மத்த தாய்மாருக்கும் சொல்லிருங்க."

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இவளை யார் மன்னிப்பார்கள்? இத்தனை பேரைப் பேச வைத்த குழு அதோடு சிதறிவிடும். சட்டமும் போகும், மானமும் போகும். கிளமெண்ட் திட்டியிருந்தாலாவது தேவலை. அவன் டயானாவின் படம் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிரு," என்றான் கடைசியில். "நம்ம புள்ள விசயத்துல நமக்கு யாரும் முன்னாடியே சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐரின் வீட்டில் கூடினார்கள். அன்பியத்துப் பெண்களோடு சிம்மக்கல்லிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். தங்கப்பொண்ணும் வந்திருந்தாள். ஐரின் எழுந்து நின்றாள்.

"ராயப்பன் எந்த அன்பியம்?" என்று கேட்டாள்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "உங்க பக்கம் இல்லையா?" "நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க?" "நான் இல்லப்பா." கேள்வி வீட்டைச் சுற்றி வந்து ஐரினிடமே நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டயானாவைப் பற்றி இத்தனை வருஷம் மூடி வைத்ததையும் சொன்னாள். ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி எழுந்து, "எம்புள்ள படத்தை நீதானடி போடச் சொன்ன?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஐரின் தடுக்கவில்லை. படத்தை அழிக்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் போனைத் தட்டினார்கள். அவன் எடுத்து வைத்துக்கொண்டதை யார் அழிப்பது?

எல்லோரும் பார்க்க ஐரின் ராயப்பனைக் குழுவிலிருந்து நீக்கினாள். மாதா படம் மறைந்தது. அப்போதுதான் தங்கப்பொண்ணு சொன்னாள், "அக்கா, இத்தோட நிறுத்திராதீங்க. எம்.எல்.ஏ.வுக்கு நான் பேசுறேன். என் வாயால பேசுறேன்." வேறு இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஐரினுக்கு உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரத்தில் எல்லோர் கையிலும் போன் ஒன்றாகச் சிணுங்கியது. லிங்க் வழியாக யாரோ புதிதாகக் குழுவில் சேர்ந்திருந்தார்கள். பெயர் செலின் ராணி. முகப்புப் படத்தில் குழந்தை இயேசு.

'இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நானும் ஒரு தாய்தான். இன்று எம்.எல்.ஏ.வுக்குப் போன் செய்துவிட்டேன், சகோதரிகளே.'

உண்மையிலேயே ஒரு தாயாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. அந்த ஊரிலும் இல்லை. ஐரின் நிமிர்ந்து பார்த்தாள். சற்றுமுன் அவள் தோளை உலுக்கிய அதே பெண், கண்ணீர் காயாத முகத்தோடு, பழக்கத்தில் 'வாழ்க' என்று தட்டிக்கொண்டிருந்தாள்.